மோட்டாரில் கீறிய மீன்

ஸ்தனிஸ்லாஸ் காரின் இடது பக்க முன்சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, முதுகைத் தரையில் வைத்து, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்திருந்தார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. வலது கையில் குட்டை ஸ்க்ரூ டிரைவர். இடது கை விரல்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு திருகைத் துழாவிக்கொண்டிருந்தன.

"ரெண்டு கழண்டுருச்சு கிளிம்மா. மூணாவதுதான் மொரண்டு பண்ணுது. டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க."

காட்டினேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு அது. ஜோதி டீச்சர் வீட்டு வாசல். மே மாத வெயில் உச்சி தாண்டியிருந்தது. எதிர் வீட்டு வேப்பமரத்தின் நிழல் வண்டியின் பாதிக்குத்தான் எட்டியது, அதுவும் டிக்கிப் பக்கம்.

அவர் கழற்றிக்கொண்டிருந்தது புளோயர் மோட்டார். ஏசியின் குளிரை உள்ளே தள்ளும் விசிறியைச் சுற்றுவது அதுதான். ஏசி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இந்த மோட்டார் நின்றுவிட்டால் குளிர் பெட்டிக்குள்ளேயே கிடக்கும், முகத்துக்கு வராது. அன்று காலை அது நின்றது. நின்ற இடம் காவிரிப் பாலம்.

பொதுவாக ஒரு காரில் ஏசி நின்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்த்துக்கொண்டே வீடு போய்ச் சேரலாம். ஜோதி டீச்சரால் முடியாது. அவருக்கு வேர்க்காது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் கழுத்துப் பக்கம் தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, கைகளில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். இப்படி அடிபட்டவர்களுக்கு வேர்வையும் போய்விடும். வெயிலில் வைத்தால் உடம்பு சூடாகிக்கொண்டே போகும், தானாக இறங்காது. வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று பாலத்தில் நேரில் பார்த்தேன்.

பிசியோதெரபி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நிற்க, முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கீச்சென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அதோடு காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் டீச்சரின் முகம் சிவந்தது. "கிளிம்மா, தலை என்னமோ மாதிரி இருக்கு," என்றார். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு வைத்து, மேலெல்லாம் தண்ணீர் தெளித்து, அட்டையால் விசிறினேன். ஸ்தனிஸ்லாஸ் இறங்கி ஓடி, முன்னால் நின்ற ஒவ்வொரு வண்டியிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு கார் நுழையும் அளவுக்கு வழி பண்ணினார். வீட்டுக்கு வந்து ஃபேனடியில் படுக்க வைத்த பிறகுதான் சூடு இறங்கியது. டீச்சர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு எப்படிப் போறது?" என்பதுதான்.

நாளைக்குப் போக வேண்டியது புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே மெடிக்கல் போர்டு டாக்டர்கள் பார்த்து, இவர் வேலை செய்யத் தகுதி உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது டீச்சர் மறுபடியும் வகுப்புக்குப் போகலாம். திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்த முடியும் என்று தலைமையாசிரியர் வரை சம்மதித்தாயிற்று. போர்டு தேதி கிடைக்கத்தான் மாதக்கணக்கில் ஆனது. விட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் ஸ்தனிஸ்லாஸ் சாப்பிடக்கூடப் போகாமல் அந்த வெயிலில் கிடந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மகனுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டப் போனார். ஆஸ்பத்திரி வேன் என்றால் ஓட்டுவதோடு முடியாது, ஆளைத் தூக்கவும் வேண்டும். எத்தனையோ வருடம் தூக்கியிருக்கிறார். இடுப்பு ஒடிந்தவர், பக்கவாதம் வந்தவர், பிரசவ வலியில் இருந்தவர். நான் டீச்சர் வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அவர் தூக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, இந்த மனிதருக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். தூக்குமுன், "டீச்சர், வரேன்," என்று ஒரு வார்த்தை சொல்வார். பிறகு முழங்காலுக்கு முழங்கால் அண்டக் கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒரே சுழற்சி. சீட்டில் இருந்து நாற்காலி. தலை கதவில் இடிக்காது, கால் மடங்காது. முதுகுத்தோலில் ஒரு சிராய்ப்பு பட்டாலும் இந்த உடம்புக்குப் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. அவர் கையில் ஒரு தடவையும் பட்டதில்லை.

மனைவி ஆன்சி வீட்டிலேயே துணி தைக்கிறார். மகள் லின்சி பிளஸ் ஒன். ஸ்தனிஸ்லாஸுக்குப் பேச்சு குறைவு. வண்டியில் பாட்டுப் போட மாட்டார். பள்ளம் வந்தால் "பள்ளம் டீச்சர்" என்று முன்கூட்டியே சொல்வார். டீச்சர் அதைக் கேலி செய்வார்: "அண்ணா, நீங்க வண்டி ஓட்டுறீங்களா, கிரிக்கெட் கமெண்டரி சொல்றீங்களா?"

அவருக்கு நண்பன் என்று சொல்ல ஒருத்தர்தான். பாக்கியநாதன். அதே பாலக்கரை, அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வேன். ஒரு டிராவல்ஸ் கம்பெனியை மூடியபோது, ஒரே மாதிரி இரண்டு பழைய வெள்ளைக் கார்களை ஆளுக்கொன்றாக இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். ஒரே ஸ்டாண்டில் போட்டார்கள். லின்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் பாக்கியநாதன்தான். வண்டியில் எது கெட்டாலும் ஸ்தனிஸ்லாஸ் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். புது மோட்டார் சென்னையிலிருந்து வரணும், நாளை மறுநாள் ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதும், போனில் பாக்கியநாதனிடம் விஷயத்தைச் சொன்னார்.

மூன்றாவது திருகு அசைவதற்குள் பாக்கியநாதன் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை.

"என்ன மச்சான், காலு மட்டும் தெருவுல கிடக்கு. முழுசா அடக்கம் பண்ணிட வேண்டியதுதானே?"

"சிரிக்காதடா. சூடு தாங்கல."

"எதுக்கு இந்த வெயில்ல கிடந்து சாவுற? மூடு அதை. வண்டிய எங்கிட்ட குடு. நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரு, ரெண்டு நாள்ல பார்த்துக் குடுத்துருவாரு."

"நாளைக்குக் காலையில ஓடணும். டீச்சருக்கு போர்டு."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. என் வண்டி வேளாங்கண்ணி போயிருக்கு. காலையில வந்துரும். நானே டீச்சரக் கூட்டிட்டுப் போறேன். தம்பிகிட்டகூடப் பேசிட்டேன்."

டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "தம்பிகிட்ட எப்போ பேசினே?"

"கிளம்பும்போதே போன் போட்டேன்."

தம்பி என்றது டீச்சரின் தம்பி இளவரசனை. வாசற்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பாவம், அவனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. "அண்ணே, அவர்தான் உங்க வண்டி இனிமே சரிப்பட்டு வராதுன்னு சொன்னாரு. ஸ்கூலுக்குப் போறதுக்கும் தானே வர்றதா..." என்று இழுத்தான்.

"எப்போ சரிப்பட்டு வராதுன்னு சொன்னேன்? பழைய வண்டின்னு சொன்னேன்," என்றார் பாக்கியநாதன். பிறகு குனிந்து, "விடு மச்சான். திறக்காத. உள்ள பிளாஸ்டிக்கு உடைஞ்சிருச்சுன்னா அப்புறம் எவனாலயும் மாட்ட முடியாது," என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். எனக்கு அப்போதே அது வித்தியாசமாகப் பட்டது. உதவ வந்தவர் டார்ச்சை வாங்கியிருக்க வேண்டும். இவர் கதவை மூடப் பார்த்தார்.

அதற்குள் திருகு கழன்றது. ஸ்தனிஸ்லாஸ் ஒயரைப் பிடுங்கினார். மோட்டார் அதன் விசிறிச் சக்கரத்தோடு அவர் நெஞ்சில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து, மடியில் வைத்து, ஊதினார். புழுதியும் வேப்பம்பூச் சருகும் பறந்தன. கட்டைவிரலால் மோட்டாரின் அடிப்பக்கத்தைத் துடைத்தார்.

துடைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஸ்டாண்டு டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து கழற்றுவார்கள். சாமான் கலந்துவிடும். அதனால் புதிதாக எதை வாங்கி மாட்டினாலும், ஜாக்கியோ பேட்டரியோ மோட்டாரோ, ஆணியால் தன் அடையாளத்தைக் கீறிவிட்டுத்தான் மாட்டுவார்கள். எழுத்து இருக்காது. எழுத்து என்றால் இரண்டு பேருக்கு ஒன்றாக வந்துவிடும் என்று படமாகவே வைத்துக்கொள்வார்கள். ஒருத்தருக்கு வேல், ஒருத்தருக்குப் பிறை, ஒருத்தருக்கு மாங்காய். ஸ்தனிஸ்லாஸின் அடையாளம் ஒரு மெழுகுவர்த்தி. அவருடைய பேட்டரியிலும் டிக்கியில் இருக்கும் ஜாக்கியிலும் பார்த்திருக்கிறேன்.

இந்த மோட்டாரில் மெழுகுவர்த்தி இல்லை. ஒரே கோட்டில் கீறிய மீன் இருந்தது.

அதே மீன் பாக்கியநாதனின் பைக் டேங்கில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. மூன்றடி தூரத்தில் நின்றது பைக்.

எனக்கே புரிந்துவிட்டது, ஸ்தனிஸ்லாஸுக்குப் புரியாமலா? ஆனாலும் அவர் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் மெழுகுவர்த்தி இருக்குமா என்று தேடுகிற மாதிரி.

"இது உன்னோடது," என்றார் கடைசியில்.

பாக்கியநாதன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அது... மாறியிருக்கும் மச்சான். ஸ்டாண்டுல எப்பவாவது..."

"போன வருஷம்தான் புதுசு வாங்கி நானே மாட்டினேன். நீ பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருந்தே. அதுக்கப்புறம் இந்தப் பெட்டிய நான் திறக்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பவா?"

ஏப்ரலில் ஸ்தனிஸ்லாஸ் டெங்கு காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது பாக்கியநாதன் அவர் வீட்டுக்குப் போய், வண்டி சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல, ஆன்சி சாவியைக் கொடுத்து காப்பியும் கொடுத்து அனுப்பினார். அந்த வாரம் டீச்சரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனது பாக்கியநாதன்தான். சும்மா சொல்லக் கூடாது, நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார். தூக்கத்தான் தெரியவில்லை, இளவரசனும் நானும் சேர்ந்து தூக்கினோம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் இட்லி கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். இதையெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் எங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! எனக்கு அண்ணன் தம்பி இல்லை, அந்தக் குறையே தெரியவில்லை என்று.

"சொல்லுடா. அப்பத்தானே?"

"என்னோடது சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு," என்றார் பாக்கியநாதன். குரல் தணிந்திருந்தது. "சீசன் நேரம். வேளாங்கண்ணி, கொடைக்கானல்னு வரிசையா வண்டி கேக்குறாங்க. உன் வண்டி உள்ளூர்லதான் ஓடுது. திருப்பி மாத்திரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா."

"கேட்டிருக்கலாம்ல? கழட்டிட்டுப் போடான்னு நானே சொல்லியிருப்பேன்."

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தே. அப்பப் போயி மோட்டாரக் குடுன்னு எப்படிக் கேக்குறது?"

"எடுக்கறதுக்கு மட்டும் முடிஞ்சுதா?"

ஸ்தனிஸ்லாஸ் மோட்டாரை அவர் பக்கம் நீட்டி மீனைக் காட்டினார். "இதக்கூட அழிக்கல. நான் திறந்து பார்க்க மாட்டேன்னு நெனச்சியா?"

"நீ எங்கிட்டத்தான் கொண்டுவருவேன்னு நெனச்சேன்," என்றார் பாக்கியநாதன்.

எத்தனையோ வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு மாத்திரையைக் குறைத்துக் கொடுத்த மருமகளையும், படுத்த படுக்கையில் கிடந்தவரின் கைநாட்டு வாங்கிய மகனையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு பொய் சொல்வார்கள். இந்த மனிதர் உண்மையைச் சொன்னார். அது பொய்யைவிட மோசமாக இருந்தது. எவ்வளவு தூரம் நம்புவான் என்று அளந்து பார்த்து, அந்த அளவுக்குச் சரியாகச் செய்திருக்கிறார்.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். "டீச்சருக்கு வேர்க்காதுன்னு உனக்குத் தெரியும்ல?"

பாக்கியநாதன் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அந்த ஏப்ரல் வாரத்தின் முதல் நாள் வண்டியில் ஏறியதுமே நான்தான் அவரிடம் அதைச் சொன்னேன். காற்று கொஞ்சம் குறைந்தாலும் சொல்லுங்கள், இவருக்கு ஆபத்து என்று.

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு மச்சான். இப்படி நடுப்பாலத்துல நிக்கும்னு யாரு கண்டா?"

உள்ளே ஜன்னலோரக் கட்டிலிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "பாக்கியநாதன் அண்ணா! எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கழுத்துக்குக் கீழதான் ரிப்பேர்."

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பைக்கை எடுத்தவர், "காலையில வண்டி வந்ததும் நேரா இங்க வரச் சொல்றேன். உன் மோட்டார நீ எடுத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகல் முழுக்க ஸ்தனிஸ்லாஸ் அந்த மீன் மோட்டாரோடு போராடினார். பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் விட்டு, பேட்டரியில் நேராக ஒயரைக் கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் சுற்றியது. டீச்சர் உள்ளிருந்து கைதட்டுகிற மாதிரி சத்தம் கொடுத்தார். உடனே புகை வந்தது. உள்ளே கார்பன் தேய்ந்து ஒன்றும் மிச்சமில்லை என்றார். "இவ்வளவு தேஞ்சதத்தான் எனக்குக் குடுத்திருக்கான்." நான் கொண்டுவந்து வைத்த தயிர்சாதத்தைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

டீச்சர் பிடிவாதம் பிடித்தார். "நான் அந்த வண்டியில போகமாட்டேன் கிளிம்மா. ஸ்தனிஸ்லாஸ் அண்ணா வண்டியில ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டு, தண்ணி தெளிச்சிக்கிட்டுப் போயிடலாம்."

"வேர்க்காத உடம்புக்கு ரோஷம் ஆகாது," என்றேன். "பாலத்துல மறுபடியும் நின்னா போர்டுக்குப் போகமாட்டீங்க, ஐசியுவுக்குத்தான் போவீங்க. வண்டி வரட்டும். நேரம் இருந்தா மோட்டார மாத்துவோம். இல்லைன்னா அந்த வண்டியிலதான் போறோம்."

டீச்சர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "கிளிம்மா சொல்றதுதான் சரி. நீங்க அதுல போங்க டீச்சர். தூக்கறதுக்கு நான் வரேன்," என்றார்.

மறுநாள் காலையில் அவர் வெகு நேரம் முன்பே பஸ்ஸில் வந்துவிட்டார். ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையில் தயாராக இருந்தது. வேளாங்கண்ணி வண்டி வரவில்லை. தஞ்சாவூரில் டயர் பஞ்சர் என்று போன் வந்தது. நான் டீச்சரைக் குளிக்கவைத்து, சிறுநீர் சேரும் பையை மாற்றி, வெளிர் நீலப் புடவை கட்டி உட்காரவைத்த பிறகும் வரவில்லை. கிளம்பியே ஆக வேண்டிய நேரத்தில்தான் வந்தது. கண்ணாடி முழுக்கப் பூச்சி, உள்ளே பிரசாதப் பொட்டல வாசனை. ஓட்டி வந்தவர் சேக் மைதீன், ஆக்டிங் டிரைவர், ராத்திரி முழுக்க ஓட்டிய களைப்பு. அவருக்கு எதுவும் தெரியாது.

"சாரிண்ணே, லேட்டாயிருச்சு," என்று ஸ்தனிஸ்லாஸிடம் சாவியை நீட்டினார். "வண்டி சூப்பர்ணே. ஏசி இருக்கே, சும்மா ஐஸ் மாதிரி. பின்னாடி சீட்டுல ஒரு பாட்டியம்மா போர்வை கேட்டாங்கன்னா பார்த்துக்குங்களேன்!"

ஸ்தனிஸ்லாஸ் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. பைக்கில் பின்னாலேயே வந்த பாக்கியநாதன்தான் வாங்கிக்கொண்டார். மோட்டாரை மாற்ற நேரமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்தனிஸ்லாஸ் சட்டைப் பையைத் தடவிவிட்டு, நாற்காலிப் பக்கம் வந்தார்.

"டீச்சர், வரேன்."

ஒரே சுழற்சியில் டீச்சர் சீட்டில். நான் பக்கத்தில் ஏறினேன். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தார். பாக்கியநாதன் ஓட்டினார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர்கள் இருவரும் பேசாமல் ஒரு வண்டியில் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காற்று நன்றாக வந்தது. ஸ்தனிஸ்லாஸ் டாஷ்போர்டில் தனக்கு நேரே இருந்த ஏசி துவாரத்தை மூடி, நடுவில் இருந்த இரண்டையும் பின்னால் டீச்சர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. நான் டீச்சரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். குளிர்ந்திருந்தது. பாக்கியநாதன் ஒரு பள்ளத்தில் வண்டியை விட்டார். ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார்.

போர்டில் மூன்று டாக்டர்கள். பேனா பிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். டீச்சர் விரலில் மாட்டும் பட்டையை வைத்துப் பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டி, "தப்பு இருந்தா சொல்லுங்க," என்றார். ஒரு டாக்டர் சிரித்துவிட்டார். தகுதி உண்டு என்று கையெழுத்தானது.

ஸ்தனிஸ்லாஸ் வெளியே வராந்தாவில் நின்றிருந்தார், வண்டி நின்ற இடத்துக்குப் போகவே இல்லை. காத்திருந்த நேரத்தில் அவர் நினைத்திருந்தால் மோட்டாரைக் கழற்றி எடுத்திருக்கலாம். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து டீச்சரை இறக்கி நாற்காலியில் வைத்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பாக்கியநாதன் தெருவில் நின்றார். இந்தத் தடவை மூன்று திருகும் சுலபமாக வந்தன. பாக்கியநாதன் வண்டியிலிருந்து மெழுகுவர்த்தி கீறிய தன் மோட்டாரை எடுத்துத் தன் வண்டியில் மாட்டினார். கருகிப்போன மோட்டாரைப் பாக்கியநாதனின் சீட்டில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார்.

"மச்சான்," என்றார் பாக்கியநாதன். "லின்சிக்கு அடுத்த மாசம் கோயில்ல உறுதிபூசுதல் சடங்கு இருக்கு. ஞானத்தகப்பனா பக்கத்துல நிக்கணும். நான்..."

"அது லின்சி முடிவு பண்ணட்டும். நடந்தது என்னன்னு அவகிட்ட சொல்லுவேன்."

"சின்னப் பொண்ணுகிட்ட இதப் போயி..."

"சொல்லுவேன்."

பாக்கியநாதன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி விட்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் அவர் போன திசையைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கிளிம்மா, இளவரசனுக்கு வண்டியிலேர்ந்து தூக்கக் கத்துக்குடுங்க. இன்னிக்கே."

"ஏன், நீங்க எங்க போறீங்க?"

"எங்கேயும் போகல. மறுபடியும் எனக்குக் காய்ச்சல் வந்தா? இனிமே எனக்குப் பதிலுக்குன்னு யாரையும் நான் அனுப்ப மாட்டேன். இந்த வீட்டு ஆளே தூக்கட்டும்."

நியாயம்தான். இளவரசன் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவான். கார்க் கதவு என்றால் தனியாகத் தூக்கப் பயம். பழகுவதற்கு டீச்சரை மறுபடி மறுபடி ஏற்றி இறக்க முடியாது. அதனால் ஸ்தனிஸ்லாஸே சீட்டில் உட்கார்ந்தார், நோயாளி மாதிரி. நான் இளவரசனைக் காலை அகட்டி நிற்கச் சொன்னேன். முழங்காலை அண்டக் கொடு, முதுகை வளைக்காதே, பட்டையைப் பிடி, கழுத்தைத் தோளில் சாய்த்துக்கொள். டீச்சர் நாற்காலியில் சாய்ந்தபடி வாசல் நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், முதல்ல 'வரேன்'னு சொல்லுடா. அண்ணா பயந்துக்கப் போறார்!"

"வரேன்ணே," என்றான் இளவரசன். தூக்கினான். பாதியில் நின்றுவிட்டது.

"உடம்பத் தளர விடுங்க," என்றேன் ஸ்தனிஸ்லாஸிடம். "டீச்சர் உடம்பு இப்படி முறுக்கிக்காது. அவன் எடையத் தெரிஞ்சுக்கணும்."

"விட்டுட்டேனே."

"விடல. கால ஊணிக்கிட்டு இருக்கீங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடி சாய்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். இளவரசன் தூக்கினான். இந்தத் தடவையும் அவருடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. இளவரசனை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.